மரக் கதவா, ஃபிளஷ் கதவா, பிவிசி கதவா: எது எங்கே கோணும்?

கதவு வாங்கப் போனால் எந்த வகையைக் கை காட்டினாலும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "கோணவே கோணாது சார்." உண்மையில் மூன்று வகையும் கோணும். நம் வாசலில் அடிப்பது வெயிலா, சாரலா என்று பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை குறையும்.

மரத்துக்குப் பகை ஈரம். ஐப்பசியில் நிலையோடு இறுகிப் பிடிக்கும் கதவுதான் சித்திரையில் இடுக்கு விட்டு நிற்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்கினால் கவலையே இல்லை, கதவு கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஆனால் மரம் அப்படிச் சுருங்குவதில்லை. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால் அடிமரத்தின் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம்தான். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒரே பலகைக்குள் இந்த இழுபறி நடப்பதால், அகலப் பலகை காயும்போது பட்டை இருந்த பக்கம் குழிகிறது. நார் முறுக்கிய மரமாக இருந்தால் பலகையும் முறுக்கிக்கொள்ளும்.

தேக்குக்கு இத்தனை மதிப்பு வர ஒரு காரணம், அது மற்ற பல மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவது. அதற்காகச் சரியாகக் காயாத தேக்கை வாங்கிப் பயனில்லை. நன்றாகக் காய்ந்த வேம்பும் ஈரத் தேக்கும் முன்னால் இருந்தால் நான் வேம்பைத்தான் எடுப்பேன். இன்னொன்று, சட்டத்துக்குள் பலகை பதித்த கதவில் நல்ல ஆசாரி பலகைக்குப் பசை போட மாட்டார், ஆணியும் அடிக்க மாட்டார். சட்டத்தில் வெட்டிய காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், சும்மா செருகிவிடுவார். பலகை உப்பவும் சுருங்கவும் அங்கே இடம் இருப்பதால் சட்டம் கோணாமல் தப்பிக்கும்.

ஃபிளஷ் கதவு என்பது இரு முகமும் தட்டையாக, மெல்லிய மரத் தகடுகள் ஒட்டிச் செய்த கதவு. இதே தொல்லையை அதில் வேறு வழியில் அடக்குகிறார்கள். மேலே ஒட்டும் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டுவதால் ஒன்று இழுக்கும்போது மற்றது தடுக்கும். இந்தச் சமநிலையைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். பாத்ரூம் உள்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டிவிட்டு, செலவு மிச்சம் என்று வெளிப்பக்கம் வெறும் பெயிண்ட் அடிப்போம். ஒரு முகம் ஈரத்தை உள்ளே விடாது, மறுமுகம் உறிஞ்சும். அப்புறம் கதவு வில்லாகத்தானே வளையும்? ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும்.

பிவிசியைத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அசையாது. அதன் எதிரி சூடு. ஒரு மீட்டர் பிவிசி ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.06 மி.மீ. நீளும், அதாவது மரம் நீளவாக்கில் நீள்வதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 2 மீட்டர் உயரம், 25 மி.மீ. கனம் உள்ள கதவின் வெளிமுகம் உள்முகத்தைவிட 10 டிகிரி கூடச் சூடானால், கணக்குப்படி நடுப்பகுதி வெயில் பக்கமாக சுமார் 12 மி.மீ. புடைக்கும். தாழ்ப்பாள் கொண்டியில் விழாமல் போக அதுவே தாராளம். அடர்ந்த நிறம் என்றால் சூடு இன்னும் ஏறும். மாலையில் ஆறியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் சூட்டோடு தொடர்ந்து பாரமும் சேர்ந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தொய்ந்து நிரந்தரமாக அப்படியே நின்றுவிடும்.

பிளாஸ்டிக் பொருளுக்குள் வார்க்கும்போதே அடைபட்ட இழுவிசையும் இருக்கும். அச்சில் ஒரு பக்கம் முந்தியும் இன்னொரு பக்கம் பிந்தியும் ஆறுவதால் வருவது அது. டிபன் டப்பா மூடியைக் கொதிநீரில் போட்டால் நெளிந்து, அதன் பிறகு சரியாக மூடாமல் போவது அந்த இழுவிசை விடுபடுவதால்தான்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யுபிசி கதவும் குணத்தில் பிளாஸ்டிக் பக்கம்தான். மரத்தூள் கலந்தது என்பதால் மரமாகிவிடாது.

சரி, எதை எங்கே போடுவது? பாத்ரூமுக்கு பிவிசியோ டபிள்யுபிசியோ போதும், அங்கே வெயில் விழாது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் கொல்லைக் கதவுக்கு பிவிசி வேண்டவே வேண்டாம். தலைவாசலுக்குக் காய்ந்த தேக்கு, பட்ஜெட் இடித்தால் காய்ந்த வேம்பு. உள்ளறைகளுக்கு ஃபிளஷ். மரமோ ஃபிளஷோ, மாட்டுவதற்கு முன் கதவைப் படுக்கவைத்து அடி விளிம்பைப் பாருங்கள். பெயிண்டர் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் அது. தரை கழுவும் தண்ணீரை மரம் உறிஞ்சுவதும் அங்கேதான், அந்த விளிம்புக்கும் இரண்டு கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள்.