ஓம்னிக்கு மெட்டல் மாற்றிய பின்: கடலூர், புதுச்சேரி ஓட்டத்தில் நீண்டகால அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாருதி ஓம்னியின் 796 சிசி எஞ்சினில் கிராங்கை (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) அளந்து, தேவைப்பட்டால் கிரைண்ட் செய்து (அரைத்து), ஆயில் பம்ப்பையும் பார்த்து மெட்டலை (கிராங்கைச் சுற்றி உட்காரும் இரண்டு பாதி பேரிங்கை) மாற்றினால் வண்டி மறுபடி வருஷக்கணக்கில் உழைக்கும். வண்டிக்கடியில் படுத்து, ஆயில் பேனை (எஞ்சினின் அடித்தொட்டியை) இறக்கி, பழைய மெட்டலை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகி மூடினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே தட்டல் திரும்பி வரும். இரண்டு வேலைக்கும் பெட்டியில் வருவது ஒரே மெட்டல்தான். பழி மட்டும் எப்போதும் மெட்டல் கம்பெனி மேல் விழும்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றும் ஓம்னியும், புதுச்சேரி நகருக்குள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஓம்னியும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மீன் வண்டிக்குப் பாரமும் நீண்ட ஓட்டமும் சேர்வதால், வெடிப்பின் அடியை வாங்கும் கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மெட்டலின் மேல் பாதி முதலில் போகும். பள்ளி வண்டி நாலு தெரு ஓடி நிற்கும். ஆயில் சூடேறவே நேரமில்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் கலந்து ஆயில் நீர்த்துப்போய், எல்லா மெட்டலும் மங்கலாகத் தேயும். பழைய மெட்டலைக் கழற்றியதும் குப்பையில் போடாமல், எது எந்த சிலிண்டர், எது மேல் பாதி என்று எழுதி வரிசையாக வைத்துப் பார்ப்பது அதனால்தான். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது, அல்லது கிராங்க் கோனையாகத் தேய்ந்திருக்கிறது. நீளவாக்கில் கீறல் என்றால் அழுக்கு. தாமிர நிறம் தெரிந்தால் மேல் பூச்சு தீர்ந்துவிட்டது.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடானதும் அடங்கினால் அது பிஸ்டன். சூடான பிறகு கூடினால் மெட்டல். தட்டும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்; எந்த சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அந்த ராட் மெட்டல். மேடேறும்போது அடிவயிற்றில் இடிப்பதுபோல் கனமாக வந்து, எந்த வயரைக் கழற்றினாலும் மாறாவிட்டால் கிராங்கை எஞ்சின் பிளாக்கில் தாங்கும் மெயின் மெட்டலைச் சந்தேகப்பட வேண்டும். ஆயில் லைட்டை நம்பி உட்காரக் கூடாது. பிரஷர் ஏறக்குறைய அரை பாருக்கும் (ஏழு பிஎஸ்ஐ) கீழே விழுந்தால்தான் அது எரியும். அதற்குள் மெட்டல் போய்விடும். ஆயில் சுவிட்சைக் கழற்றி, எட்டில் ஒரு பங்கு அங்குல மரைக்கு ஒரு பிரஷர் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் பார்ப்பதே கணக்கு. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு, இன்றும் பொய்க்கவில்லை.

வேலைக்கு வேண்டியவை: ராட் மெட்டல் ஆறு பாதி, மெயின் மெட்டல் எட்டு பாதி, கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் ஜோடி, முன் பின் ஆயில் சீல், பேன் பேக்கிங், ஆயில் ஃபில்டர், ஏறக்குறைய மூன்று லிட்டர் 20டபிள்யூ-40 ஆயில். ராட் போல்ட், நட்டு புதிதாகவே போடுங்கள். ஆயில் பம்ப்பை அளந்து, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பம்ப்புக்குச் செலவழிக்க யோசித்தவர்கள் எஞ்சினை இரண்டாம் முறை இறக்கியதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

கிராங்கில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு ஜர்னலையும் (மெட்டலுக்குள் சுழலும் கிராங்கின் உருளைப் பகுதியை) மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளக்க வேண்டும்: இரு ஓரத்திலும், ஒவ்வொன்றிலும் செங்குத்தாக இரண்டு திசையில். வட்டம் 0.01 மி.மீ.க்கு மேல் சிதைந்திருந்தால் கிரைண்டிங்தான். கால் மில்லி குறைத்தால் பத்து சைஸ், அரை மில்லி குறைத்தால் இருபது சைஸ் என்பது லேத் பட்டறைப் பேச்சு. முதலில் மெட்டலைக் கையில் வாங்கி, முதுகில் 025, 050 என்று குத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப அரைக்கச் சொல்வது புத்திசாலித்தனம். அரைத்து வந்த கிராங்கில் இரண்டு இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஜர்னல் சுவரோடு சேரும் மூலை வளைவாக இருக்க வேண்டும். கூராக வெட்டியிருந்தால் கிராங்க் அங்கேதான் உடையும். ஆயில் துளையின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். கூராக இருந்தால் புது மெட்டலைச் சீவிவிடும். எமரித் தாளைக் கையில் பிடித்துத் தேய்த்து ஜர்னலைப் ‘பாலிஷ்’ போடுகிறவர்களிடம் கிராங்கைக் கொடுக்காதீர்கள், அது வட்டத்தைக் கெடுக்கிற வேலை.

நம் கடற்காற்றில் ஒரு தொல்லை உண்டு. அரைத்த ஜர்னலை இரவு வெறுமனே வைத்தால் காலையில் துரு பூத்திருக்கும். கிராங்க் வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, ஆயில் துளைகள் ஒவ்வொன்றிலும் மெல்லிய பிரஷ் விட்டு, காற்றடித்து, ஆயில் பூசி, பாலிதீனில் சுற்றி வையுங்கள். துளைக்குள் தங்கிய அரைப்புத் தூள்தான் புது மெட்டலுக்கு முதல் எதிரி.

மெட்டல் உட்காரும் இடமும் மெட்டலின் முதுகும் துணியால் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். ஆயில் உள்முகத்துக்கு மட்டும். கேப்பில் (மெட்டலின் கீழ்ப் பாதியைப் பிடிக்கும் மூடியில்) உள்ள எண்ணும் அம்பும் மாறக் கூடாது, ஒரு ராட்டின் கேப் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. இறுக்கும் முன் பிளாஸ்டிகேஜ் நூலை (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் நூல்) ஜர்னல் மேல் வைத்து, மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசையில்) இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத் தாளோடு ஒப்பிடுங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இடைவெளி நல்லது, 0.08ஐத் தொட்டால் மூட வேண்டாம். இடைவெளி அதிகம் என்று மெட்டலுக்குப் பின்னால் சிகரெட் தாள் வைப்பதும், கேப்பின் முகத்தை அரம் போட்டுத் தேய்ப்பதும் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தாள் வைத்தால் சூடு வெளியேறாது, மெட்டல் இருக்கையிலேயே சுற்றிவிடும். கேப்பைத் தேய்த்தால் துவாரம் முட்டை வடிவமாகும். பேன் ஒட்ட சிலிகான் பசையை அள்ளிப் பூசுவதும் வேண்டாம். உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பம்ப்புக்குள் வாசலைன் அப்பி, பிளக் மூன்றையும் கழற்றி, கேஜ் முள் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். மினுக்குத் தூள் கொஞ்சம் இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு 1,000, அடுத்து 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. ஒழுங்காகச் செய்த வண்டியில் 40,000 கடந்தும் சூடான ஐடிலில் கேஜ் முள் ஆரம்பத்தில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அரைகுறையாகச் செய்த வண்டியில் 5,000க்குள்ளேயே முள் இறங்குவதைப் பார்க்கலாம், சத்தம் வருவதற்கு வெகுமுன்பே. மாட்டிய கேஜைக் கழற்றாமல் விடுவது நல்லது என்பது இதற்காகத்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனிக்கணக்கு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அடுத்த சில நாளில் தென்பெண்ணையும் பெருகியபோது நின்றவை போன்ற வண்டிகளை செல்ஃப் அடிக்காமல் பட்டறைக்கு இழுத்து வர வேண்டும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் முழுக்க வடித்துவிடுங்கள். அப்படியே நிறுத்திவைத்தால் மெட்டலின் பூச்சை அரிக்கும். தண்ணீர் உறிஞ்சி எஞ்சின் திடீரென நின்றிருந்தால் மெட்டல் வாங்கும் முன் ஹெட்டைத் திறந்து, மூன்று பிஸ்டனும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்த ராட் வளைந்துவிட்டது. அதில் புது மெட்டல் போட்டால் ஓரம் மட்டும் தேயும்.