‘1 வயது முதல்’ என்று அச்சிட்டு விற்கப்படும் பொம்மைகள்: ஓர் எச்சரிக்கை

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்காக இணையச் சந்தைத் தளங்களில் பொம்மை வாங்குவோர், பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதையும் தரமுத்திரையையும் நம்பி, அதை அப்படியே குழந்தையின் கையில் கொடுத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் ஒன்றரை வயது மகளுக்காக வாங்கிய பொம்மையில் அவ்விரண்டுமே பொய்யாக இருந்தன. குழந்தைக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் புகார் செய்த பிறகு விற்பனையாளர் நடந்துகொண்ட விதம், இது கவனக்குறைவால் ஏற்பட்ட தனிப்பட்ட பழுது அன்று என்பதைத் தெளிவாக்கியது. விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அந்தப் பெயர் இப்போது அந்தத் தளத்திலேயே இல்லை, அதே பொம்மை வேறு பெயரில் விற்கப்படுகிறது.

வாங்கியது கனசதுர வடிவில் அமைந்த ஒரு மர விளையாட்டுப் பெட்டி. மேலே வளைந்த கம்பிகளில் நகர்த்தி விளையாட வண்ண மணிகள், ஒரு பக்கம் சுழலும் பற்சக்கரங்கள், இன்னொரு பக்கம் வடிவங்களைப் பொருத்தும் துளைகள், மற்றொரு பக்கம் அழுத்தினால் விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் பொத்தான்கள் என்று அமைந்திருந்தது. இயற்கையான மரம், நச்சற்ற வண்ணம், 1 வயது முதல் 3 வயது வரை, மூளை வளர்ச்சிக்கும் மொழி வளர்ச்சிக்கும் ஏற்றது, சர்வதேசப் பாதுகாப்புச் சான்று பெற்றது என்று விளம்பரப் பக்கம் விரிவாகச் சொன்னது. படங்களில் அது அழகாகவும் உறுதியாகவும் தெரிந்தது.

வந்து சேர்ந்ததை மகளிடம் கொடுப்பதற்கு முன் கையால் சோதித்தபோது முதலில் கழன்றது ஒரு மணிக்கம்பி. கம்பியின் நுனி மரத்துக்குள் ஆழமாகச் செருகப்படாமல், மேலோட்டமான குழியில் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. லேசாக இழுத்ததும் பசை பெயர்ந்து மணிகள் முழுவதும் தரையில் உருண்டன. பற்சக்கரங்களைத் தாங்கிய சிறிய முளைகளும் அதே பசையில்தான் நின்றன. ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தபோது சிவப்பும் மஞ்சளும் துணியில் இறங்கின. விளிம்புகளில் வண்ணம் செதிலாக உரிந்தது. எல்லாவற்றிலும் மோசமானது பேட்டரி அறை. அதன் மூடியில் ஸ்குரூ இருக்கவில்லை. விரல் நகம் பட்டதும் மூடி நகர்ந்து, உள்ளிருந்த பட்டன் பேட்டரிகள் என் உள்ளங்கையில் விழுந்தன.

இந்தக் குறைகள் ஏன் சாதாரணத் தரக்குறைவு அல்ல என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை பொருள்களை வாயில் வைத்துத்தான் அறிகிறது. அதைக் கண்டித்து நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டிய பழக்கமும் அன்று. ஆகவே அந்த வயதுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் கூடங்களில் ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பகுதி சரிவாக அமைந்திருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டரும் மறுபக்கம் 57.1 மில்லிமீட்டரும் இருக்கும். சிறு குழந்தையின் தொண்டை அளவை ஒட்டி அமைந்த இந்த உருளைக்குள் அழுத்தாமலேயே முழுமையாக அடங்கும் எந்தப் பகுதியும் அந்தப் பொம்மையில் இருக்கக் கூடாது. புதிதாக இருக்கும் நிலையில் மட்டும் தேறினால் போதாது. குழந்தை எப்படியெல்லாம் கையாளுமோ அப்படிக் கீழே போட்டும், முறுக்கியும், இழுத்தும் பார்த்த பிறகு கழன்று விழும் துண்டுகளும் இதே சோதனைக்கு உட்பட வேண்டும். உருண்டையான பொருள்களுக்கு விதி இன்னும் கடுமையானது. அமெரிக்க விதிகளின்படி, மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பந்தின் விட்டம் 44.4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், ஏனெனில் உருண்டை தொண்டையில் சிக்கினால் மூச்சுப்பாதையை முழுமையாக அடைத்துவிடும். என் கையில் இருந்த மணிகளோ ஒரு கோலிக்குண்டின் அளவுதான் இருந்தன. கம்பியில் உறுதியாக நிற்கும் வரை அவை விளையாட்டுப் பொருள். கழன்றுவிட்டால் நிலைமை வேறு.

பட்டன் பேட்டரியின் ஆபத்து வேறு வகையானது. அது விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால், உள்ளிருக்கும் இரசாயனம் கசிவதால்தான் தீங்கு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், உமிழ்நீரின் ஈரத்தில் மின்சுற்று முழுமையடைந்து, பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனை தொடும் இடத்தில் கடுமையான காரப்பொருள் உருவாகி, திசுவை அரிக்கத் தொடங்குகிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் உண்டாகலாம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் வகை அளவிலும் பெரிது, 3 வோல்ட் அழுத்தமும் உடையது என்பதால் மிக ஆபத்தானது. பொம்மையை இயக்க முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் தீங்கு விளைவிக்கப் போதுமான மின்சாரம் மிஞ்சியிருக்கும். குழந்தை விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால், இருமல், எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல் போன்ற சாதாரண அறிகுறிகளை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் எழுந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனடியாக எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதனால்தான் பொம்மைகளின் பேட்டரி அறை ஸ்குரூவாலோ, ஒரே நேரத்தில் இரு வெவ்வேறு அசைவுகள் செய்தால் மட்டும் திறக்கும் பூட்டாலோ மூடப்பட வேண்டும் என்று பாதுகாப்பு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன.

படங்களுடனும் ஒரு சிறிய காணொளியுடனும் விற்பனையாளருக்கு எழுதினேன். “குழந்தைகள் விளையாடும்போது பெற்றோர் அருகில் இருப்பது அவசியம் என்று கையேட்டில் குறிப்பிட்டுள்ளோம்” என்பது முதல் பதில். கையேடு என்று எதுவும் பெட்டியில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியபோது, பொம்மையைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை, விலையில் ஒரு பகுதியைத் தந்துவிடுகிறோம், ஆனால் நான் எழுதிய மதிப்புரையை நீக்க வேண்டும் என்றார்கள். மறுத்ததும், முழுத் தொகையையும் தருகிறோம், ஐந்து நட்சத்திரம் இட்டுவிட்டு அதன் படத்தை அனுப்புங்கள் என்றார்கள். அதையும் மறுத்த பிறகு பேச்சின் தொனி மாறியது. பொம்மையை வேறொரு நாட்டிலுள்ள முகவரிக்கு என் செலவில் அனுப்பினால் மட்டுமே பணம் திரும்பும் என்றார்கள். அந்த அஞ்சல் செலவு பொம்மையின் விலையைவிட அதிகம். திருப்பி அனுப்பத் தேவையே இல்லை என்று சொன்னவர்களும் இவர்கள்தாம்.

இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு நடுவே, விளம்பரப் பக்கத்தில் ‘1 வயது முதல்’ என்றிருந்தது சத்தமில்லாமல் ‘3 வயதுக்கு மேல்’ என்று மாறியது. பொம்மையில் ஒரு மணி கூட மாறவில்லை. பின்னர் தளத்தின் வாடிக்கையாளர் பிரிவினர், அந்தப் புதிய எண்ணைக் காட்டி, நான் தகுதியற்ற வயதுக் குழந்தைக்கு வாங்கிவிட்டதாக எனக்கே எழுதினார்கள். வாங்கும்போது பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததால் அந்த வாதம் அங்கேயே நின்றது. வாங்குகிறவர்கள் அனைவரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்: விளம்பரப் பக்கம் விற்பனையாளரின் கையில் இருக்கிறது, அதை அவர் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

எண்ணை மாற்றுவதால் பொறுப்பு நீங்கிவிடும் என்பதும் உண்மையன்று. ஒரு பொம்மை எந்த வயதினருக்கானது என்பதை அச்சிட்ட எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அதன் தோற்றம், விளம்பரம், எந்த வயதுக் குழந்தை அதை விரும்பும் என்ற பொது வழக்கு ஆகியவையும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. இயல்பிலேயே மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மையின் மேல் ‘3 வயதுக்கு உட்பட்டோருக்கு ஏற்றதன்று’ என்ற எச்சரிக்கையை ஒட்டி விதிகளிலிருந்து தப்பிப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் தடை செய்கிறது. அந்த எச்சரிக்கையின் குறி, சிவப்பு வட்டத்துக்குள் ‘0-3’ என்ற எண்களும் குழந்தை முகமும் குறுக்குக் கோட்டால் அடிக்கப்பட்டிருப்பது. அது அறிவுத்திறனைப் பற்றிய குறிப்பு அன்று. ‘எங்கள் குழந்தை வயதுக்கு மீறிய சுட்டி’ என்று சொல்லி அதைப் புறக்கணிப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சுட்டியான குழந்தையின் தொண்டையும் அதே அளவுதான்.

இனி, சான்று. பெட்டியில் ஐரோப்பாவின் சி.இ. குறி அச்சிடப்பட்டிருந்தது. இது அரசு வழங்கும் முத்திரை என்று பலரும் கருதுகிறார்கள். உரிய தரவிதிகளைப் பின்பற்றியிருக்கிறோம் என்று உற்பத்தியாளர் தாமே செய்யும் அறிவிப்பு அது. பெரும்பாலான பொம்மைகளுக்கு வெளியார் யாரும் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அதற்கு இல்லை. நேர்மையான நிறுவனத்தின் பெட்டியில் அதற்குப் பொருள் உண்டு. முகவரியே இல்லாத பெட்டியில் அது வெறும் மை. அமெரிக்காவில் 2007-இல் ஈயம் கலந்த வண்ணத்தாலும் கழன்று விழும் காந்தங்களாலும் ஏராளமான பொம்மைகள் திரும்பப் பெறப்பட்ட பின், 2008-இல் இயற்றப்பட்ட சட்டம் குழந்தைகளுக்கான பொருள்களைத் தனி ஆய்வகத்தில் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று விதித்தது; வண்ணப்பூச்சில் ஈயத்தின் வரம்பும் அதன் வழியாகப் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் குறைக்கப்பட்டது. விற்பனையாளரிடம் சோதனை அறிக்கையைக் கேட்டேன். அனுப்பினார்கள். அதில் இருந்த படம் ஒரு துணிப் பொம்மையினுடையது. மாதிரி எண்ணும் வேறு. அறிக்கை என்ற பெயரில் ஏதோ ஒரு தாளை அனுப்பினால் யாரும் திறந்து படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அறிக்கையைப் பெறுபவர்கள் பொருளின் படம், மாதிரி எண், தேதி, சோதனைகளின் பெயர் ஆகியவற்றைத் தம் கையிலிருக்கும் பொம்மையோடு ஒப்பிட வேண்டும். ஆய்வகங்கள் பலவும் அறிக்கை எண்ணைக் கொண்டு அதன் உண்மைத்தன்மையை உறுதிசெய்து தருகின்றன.

துணியில் இறங்கிய வண்ணத்தில் ஈயம் இருந்ததா என்பதை வீட்டில் அறிய வழியில்லை, ஆகவே இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாயில் வைத்துச் சப்பும் வயதில், ஈரத்தில் கரையும் வண்ணத்தை ஏற்க மறுக்க அதுவே போதும்.

மதிப்புரைகளைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் பக்கத்தில் நட்சத்திரங்கள் நிறைய இருந்தன. பழைய மதிப்புரைகளைக் கீழே வரை சென்று படித்தால், அவற்றில் பல ஒரு கைபேசி உறையைப் பாராட்டின. வேறொரு பொருளுக்கு வந்த மதிப்பெண்களை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

மூளை வளர்ச்சி, மொழி வளர்ச்சி என்ற வாக்குறுதி சட்டப்படி மோசடியா என்று எனக்குத் தெரியாவிட்டாலும், ஆய்வுகள் அதற்கு எதிராகவே பேசுகின்றன. பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் கொண்டு நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், விளக்கும் ஒலியும் எழுப்பும் மின்னணுப் பொம்மைகளோடு விளையாடியபோது, படப்புத்தகங்களோடும் மற்றப் பொம்மைகளோடும் இருந்ததைவிடப் பெற்றோர் குறைவாகவே பேசினார்கள். பொம்மை பேசத் தொடங்கினால் அருகிலிருக்கும் பெரியவர் மௌனமாகிவிடுகிறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2018 இறுதியில் வெளியான அறிக்கையும், இந்த வயதுக்குப் பெரியவரும் குழந்தையும் சேர்ந்து விளையாட இடம் தரும் எளிய பொம்மைகளையே பரிந்துரைக்கிறது. ஆபத்தை விளைவித்த பேட்டரி, எந்த நன்மையும் தராத பாட்டுக்காகத்தான் அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்பதை எண்ணும்போது எரிச்சல் கூடுகிறது.

பொம்மை வந்ததும் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பகுதியையும் பெரியவரின் கைவிசையோடு இழுத்தும் திருகியும் பாருங்கள். சோதனை உருளை இல்லாதவர்கள் டாய்லெட் பேப்பர் சுருளின் உள்ளிருக்கும் அட்டைக்குழலைப் பயன்படுத்தலாம். அது உருளையைவிடச் சற்று அகலமானது, ஆகவே அதனுள் புகாத துண்டு உருளைக்குள்ளும் புகாது. துணிப் பொம்மையின் கண்களையும் தையலையும், வண்டியை இழுக்கும் கயிறு கழுத்தைச் சுற்றும் நீளத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். காந்தத்தைப் பொறுத்தவரை சமரசமே வேண்டாம்: ஒன்றுக்கு மேற்பட்ட வலுவான காந்தங்கள் விழுங்கப்பட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கிய சுவரைத் துளைத்துவிடும்.

என் பணம் கடைசியில் தளத்தின் வழியாக அல்ல, வங்கி அட்டையில் கட்டணத்தை மறுக்கும் கோரிக்கையின் வழியாகத் திரும்பியது. விளம்பரத்தின் பழைய படம், மாற்றப்பட்ட படம், பொருந்தாத சோதனை அறிக்கை, மதிப்புரையை நீக்கச் சொன்ன செய்தி ஆகியவற்றை இணைத்திருந்தேன். நுகர்வோர் பொருள்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்புக்கும் அதே ஆவணங்களை அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்து முடிவு இன்னும் வரவில்லை. தளம் அந்தப் பக்கத்தை நீக்கியது. அதே படங்களுடன் வேறு பெயரில் இன்னொரு பக்கம் பின்னர் தோன்றியது; அதையும் புகாரில் சேர்த்துவிட்டேன்.

இத்தகைய பெட்டி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், முதலில் பேட்டரிகளை எடுத்து, இருபுறமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். புகார் செய்ய எண்ணினால் பொம்மையைத் தூக்கி எறிய வேண்டாம், அதுவே சான்று. புகார் முடிந்த பின் அதை மற்றொரு குழந்தைக்குக் கொடுக்கவோ பழைய பொருளாக விற்கவோ வேண்டாம். யாரும் மீண்டும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி கம்பிகளைப் பிரித்து, மணிகளைத் தனியே கட்டிக் குப்பையில் சேருங்கள்.