கோரிப்பாளையம் மாடி வகுப்பு: பத்துச் சனிக்கிழமை, 1,800 ரூபாய்

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில், பணி ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர் ஒருவர் செவிலிய மாணவிகளுக்கு மருந்துக் கணக்கு வகுப்பு நடத்துகிறார். பத்துச் சனிக்கிழமை போய்வந்தேன். கட்டணம் 1,800 ரூபாய். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று; வழிச்செலவும் டீச்செலவும் தனி. மருந்தியல் தேர்வில் மதிப்பெண் கூடும் என்று நினைத்துச் சேர வேண்டாம். கூடாது. எனக்குக் கூடவில்லை.

நானும் செவிலிய மாணவிதான். நான் சேர்ந்த காரணம் வேறு. குழந்தைகள் வார்டில் போஸ்டிங், அதாவது மருத்துவமனைப் பயிற்சி. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 180 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. முந்தைய வாரம் முழுக்க 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பைத்தான் ஊற்றிக் கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் ஏழரை மில்லி ஊற்றிவிட்டேன். அன்று டிராலியில் இருந்ததோ 5 மில்லிக்கு 250 பாட்டில். கொடுக்க வேண்டியது 3.6 மில்லி. டியூட்டி சிஸ்டர் என் கையிலிருந்த அளவுக் குவளையையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "இதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, சொல்லம்மா" என்றார். கணக்கிட்டேன். 375. இரண்டு மடங்குக்கும் மேல். அவர் திட்டவில்லை, குவளையைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன். அப்பாவின் மளிகைக் கடையில் முக்கால் கிலோ உளுந்துக்கு மனக்கணக்கில் விலை சொல்கிறவள் நான். எனக்குக் கணக்கு வராமல் இல்லை. பாட்டிலைப் படிக்காமல் கணக்குப் போட்டிருக்கிறேன்.

மாடி வகுப்பில் முதல் நாள் கரும்பலகையே கிடையாது. சிஸ்டர் ஒரு செருப்புப் பெட்டியைத் திறந்து, கழுவிக் காயவைத்த காலிக் குப்பிகளையும் மருந்து அட்டைப்பெட்டிகளையும் பாயில் கொட்டினார். "ஹெப்பாரின் 5,000 எடுங்கள்" என்றார். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து அது. ஆளுக்கொன்று எடுத்தோம். பாதிப் பேர் கையில் ஒரு குப்பி, மீதிப் பேர் கையில் வேறொரு குப்பி. இரண்டும் 5 மில்லிக் குப்பிதான். ஒன்றில் குப்பி முழுவதற்கும் 5,000 யூனிட். அதாவது மில்லிக்கு 1,000. மற்றதில் மில்லிக்கே 5,000. குப்பியில் மொத்தம் 25,000. இரண்டு லேபிளிலும் '5000' என்ற எண் இருக்கிறது. எது மொத்தம், எது ஒரு மில்லிக்கு என்று பார்க்காதவர் ஐந்து மடங்கு ஏற்றிவிடுவார். கல்லூரியில் 'சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தவர்கள்தான் எல்லோரும். அந்தப் பாயில் 'சரியான அளவு' என்பதற்கு என்ன பொருள் என்று அப்போதுதான் உறைத்தது.

இன்சுலின் வகுப்புதான் இங்கே சிறந்தது. அதற்காக மட்டுமே 1,800 கொடுக்கலாம். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை தண்ணீர் இழுக்கச் சொன்னார். அது அரை மில்லி. "இதே அரை மில்லி 100 யூனிட் மருந்தாக இருந்தால்?" 50 யூனிட். இரண்டரை மடங்கு. நோயாளி வேர்த்து விறுவிறுத்து மயங்குவார் என்று சொல்லிவிட்டு, மூடிகளைக் கழற்றிக் கலந்து போட்டு, சிரிஞ்சின் கோட்டை மட்டும் பார்த்து வகை பிரிக்கச் சொன்னார். மூடியின் நிறத்தை நம்பிப் பழகியவர்கள் திணறினோம்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களைத் தனி டப்பாவில், சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். 10 மில்லி மருந்தில் 20 மில்லிஈக்விவலண்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). பார்வைக்குத் தண்ணீர் ஆம்பூல் மாதிரியேதான். நரம்பில் நேரடியாக ஒருபோதும் ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும். கலந்து, மெதுவாக, இரண்டு பேர் பார்த்த பிறகுதான். இதை மட்டும் அவர் பத்து வாரமும் சொன்னார்.

ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, கீழே வாளி வைத்து, சொட்டு எண்ண வைப்பார். 500 மில்லி, 4 மணி நேரம். எல்லோரும் மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டு நிமிடத்துக்கு 42 என்றோம். அவர் கொடுத்திருந்த சலைன் குழாய் செட்டின் உறையில் மில்லிக்கு 15 என்று அச்சாகியிருந்தது. விடை 31. உறையைக் கிழித்துத் தூர எறிந்தவள் நான்தான் என்பதால் எனக்கு அன்று கூடுதல் மரியாதை.

பெயர் கேட்கும் பயிற்சி சிரிப்பாகத் தொடங்கியது. "நீங்கள் பாண்டிதானே?" என்று கேட்கக் கூடாதாம், அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, கையில் கட்டியிருக்கும் அட்டையோடு ஒப்பிட வேண்டும். மதுரைப் பக்கத்து ஆண்கள் வார்டில் 'பாண்டி' என்று கூப்பிட்டால் நான்கு தலை நிமிரும் என்பது போஸ்டிங் போன எல்லோருக்கும் தெரியும். அடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து தொலைபேசியில் பேசுவதைப் போல 'டோபுடமின்' என்றார். பதினான்கு பேரில் ஆறு பேர் 'டோபமின்' என்ற வேறொரு மருந்தின் பெயரை எழுதியிருந்தோம். வாய்வழி உத்தரவை எழுதி, திருப்பிப் படித்துக் காட்டும் வழக்கம் எதற்கு என்று யாரும் அதன்பின் கேட்கவில்லை.

பதினான்கு பேர் என்றேன் அல்லவா? எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். மாடியில் ஒரே மின்விசிறி; சித்திரை வெயிலில் சுவரோரம் உட்கார்ந்தவர்களின் கதி பரிதாபம். கடைசி இரண்டு வகுப்புகளை ஒரே நாளில் சேர்த்து முடித்தார்கள், அது நியாயமில்லை.

குறிப்புத் தாள்கள் இன்னும் மோசம். நகலின் நகல். டிகாக்சின் என்ற இதய மருந்தின் பக்கத்தில் '.25' என்பதன் புள்ளியை ஜெராக்ஸ் விழுங்கிவிட்டு '25 மி.கி.' என்று நின்றது. தசமப் புள்ளியைப் பற்றிய வகுப்பில்! நான் எழுந்து காட்டினேன். சிஸ்டர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எழுதியவள் நான்தான். முன்னால் பூஜ்யம் போட்டிருந்தால் புள்ளி போனாலும் சந்தேகமாவது வந்திருக்கும்" என்று சொல்லி, எல்லோரையும் பேனாவால் '0.25' என்று திருத்த வைத்தார். தாள் தரத்துக்கு மதிப்பெண் குறைப்பேன். அந்த ஒப்புதலுக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெரிய குறை, 'ஏன்' என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்காது. டிகாக்சின் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணு, 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல். அதோடு ஃப்யூரோசமைடும் போகிறதென்றால் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் முடிவைப் பார். இவ்வளவுதான் சொல்வார். ஃப்யூரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தை வெளியேற்றும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சு கூடும் என்ற இணைப்பைக் கல்லூரி ஆசிரியையிடம்தான் தெரிந்துகொண்டேன். சிரிஞ்சிலுள்ள மருந்தைச் சீரான வேகத்தில் ஏற்றும் கருவியான சிரிஞ்சு பம்ப் இங்கே கிடையாது. தனியார் மருத்துவமனையில் வேலைக்குப் போகிறவர்கள் அதை வேறெங்காவது பழக வேண்டும்.

மூன்றாம் பருவம் முடித்தவர்களுக்கு என் பரிந்துரை உண்டு. அதற்கு முன்னால் போனால் மருந்துப் பெயர்களே மிரட்டும். அரை மணி நேரம் முன்னதாகப் போய் ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் கட்டாயம். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார், கால்குலேட்டரும் அதோடு போய்விடும். காலி மருந்துப் பெட்டி ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். நான் அந்த 250 சிரப்பின் அட்டைப்பெட்டியைக் கொடுத்திருக்கிறேன். 120 பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.