எக்ஸிட் போலா, வீட்டுக்குப் போய்க் கேட்பதா?

எக்ஸிட் போலில் வாக்குச்சாவடி வாசலில் நின்று, வெளியே வருவோரில் பத்தில் ஒருவர் என நிறுத்தி, யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்பார்கள். நிற்க மறுப்பவர் எல்லாக் கட்சியிலும் ஒரே அளவில் இருக்க மாட்டார். அங்கேதான் கணக்கு சாய்கிறது. கட்சிக்காரர் பக்கத்தில் நின்றால் வாயே திறக்க மாட்டார்கள். வேகம் ஒன்றுதான் இதன் பலம். அதுவும் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் வரை வெளியிட முடியாது (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 126ஏ).

வீட்டுக்குப் போய்க் கேட்கும் முறையில், தேர்தல் ஆய்வு செய்யும் லோக்நீதி போன்ற அமைப்புகள் வாக்காளர் பட்டியலிலிருந்து ஆளை எடுக்கின்றன. பட்டியலில் 1,000 பேர், நமக்கு 20 பேர் தேவை என்றால், 1 முதல் 50-க்குள் குலுக்கலில் ஓர் எண். 37 வந்தால் 37, 87, 137 என்று போக வேண்டும். வீட்டில் சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்தால் அவரே குத்தி, மடித்துப் பெட்டியில் போடுவார். வேலைக்குப் போனவருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். வாக்கு எண்ணுமுன் முடித்தாக வேண்டும். முடிவு தெரிந்தபின் ஜெயித்தவருக்கே போட்டதாகச் சொல்வோர் கூடிவிடுவார்கள்.

சாதி, வயது, காரணம் தெரிய வேண்டுமா? இரண்டாவதுதான்.

இடங்களைக் கணிப்பதில் இரண்டுமே தடுமாறும். வாக்கு கொஞ்சம் நகர்ந்தாலே இடங்கள் பெரிதாக மாறலாம்: மக்களவைத் தேர்தலில் 2019-இலிருந்து 2024-க்குள் பாஜக வாக்கு 37.4-இலிருந்து 36.6 சதவீதமானது, இடங்களோ 303-இலிருந்து 240.