அம்பாசடர் மார்க் 4: இசுசு எஞ்சினும் ஐந்து கியரும்

அன்றாடம் அலுவலகம் சென்றுவரும் என் அம்பாசடர் மார்க் 4 காரில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினையும் ஸ்டியரிங் தண்டில் கியர் லீவர் அமைந்த நான்கு கியர் அமைப்பையும் அகற்றிவிட்டு, 1990களின் தொடக்கத்தில் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். காரில் வந்த 1817 சி.சி. இசுசு (ஜப்பானிய நிறுவனம்) எஞ்சினையும் அதற்குரிய, ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸையும் பொருத்தினேன். அம்பாசடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே தன் கான்டெஸ்ஸா காரிலும் அம்பாசடரிலும் பயன்படுத்திய எஞ்சின் என்பதால், வேறு நிறுவனத்தின் டீசல் எஞ்சினைத் திணிப்பதைவிட இதுவே இந்தக் காருக்கு உரிய தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

பெரிய மாற்றத்தைத் தந்தது எஞ்சினைவிட கியர்பாக்ஸ்தான். முன்பு நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டினாலே எஞ்சின் இரைந்து பேச்சை மறைத்துவிடும். இப்போது ஐந்தாவது கியரில் அதே வேகத்தில் வண்டி அமைதியாகச் செல்கிறது. நெரிசலில் இரண்டாவது கியரிலேயே மெதுவாக ஊர்ந்து செல்லும் அளவுக்கு இழுவையும் இருக்கிறது.

எஞ்சின் தாங்கிகளையும், சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் மெக்கானிக் பொறுமையாகச் சரிசெய்தார். ஆனால் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. வேகம் கூடும் வண்டிக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் கட்டாயம் வேண்டும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பெயின்ட் வேலையைத் தள்ளிப்போடுங்கள். எஞ்சினை வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியைப் பெற்று, பொருத்திய பிறகு புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளுங்கள்.