பிரிட்டன் மனைவி விசா: ‘ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் போதும்’ என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

லண்டனில் கட்டட வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, விசாவுக்காக ஏஜென்ட் அலுவலகங்களில் காத்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர் என் தங்கையின் விண்ணப்பத்தைப் பாழாக்கிவிட்டார். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து இன்னும் பலர் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தங்கையின் கணவர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். டைல்ஸ் ஒட்டும் தொழில். மாதச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தக்காரர் கூப்பிடும் இடத்துக்குப் போய், துணை ஒப்பந்தத்தில் வேலை செய்து கொடுப்பார். கோடையில் கை நிறைய வரும், கிறிஸ்துமஸ் சமயத்தில் வேலையே இருக்காது. அம்மா இதை முதல் நாளே ஏஜென்ட்டிடம் சொன்னார்: “தம்பி, மாப்பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது.” அவர் எங்கள் பைலைத் திறக்கவே இல்லை. “அம்மா, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் போதும். கூட்டிப் பார்த்தால் கணக்கு வந்துவிடும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். முன்பணமாக 75,000 ரூபாய் வாங்கினார்.

மனைவியை அழைக்கும் கணவர் தனக்குப் போதிய வருமானம் இருப்பதை விசாவுக்காகக் காட்ட வேண்டும். அதில் ஆறு மாதக் கணக்கு என்பது ஒரே முதலாளியிடம் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கான விதி. துணை ஒப்பந்தக்காரர் சுயதொழில் செய்பவர். அவருக்குப் பார்ப்பது பிரிட்டனின் நிதியாண்டை, அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. கடைசியாக முடிந்த முழு நிதியாண்டின் லாபம் 29,000 பவுண்டைத் தொட வேண்டும். 2024 ஏப்ரல் 11க்கு முன்பு இது 18,600 ஆக இருந்தது. அந்த ஒரு வருடம் தொடவில்லை என்றால், கடைசி இரண்டு நிதியாண்டுகளின் சராசரியைக் காட்டலாம். வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்காகவே இந்த வழி இருக்கிறது. எங்கள் மாப்பிள்ளைக்குச் சராசரி தாராளமாக வந்திருக்கும். இதைப் பற்றி அந்த ஆள் வாயே திறக்கவில்லை.

லாபம் என்பது வேன், டீசல், கருவிகள் என்று எல்லாச் செலவும் கழித்த பிறகு, வரி கழிப்பதற்கு முன் உள்ள தொகை. வங்கியில் விழும் பணத்தைக் கூட்டினால் இது கிடைக்காது. அங்கே கட்டுமானத் தொழிலுக்கென்று சி.ஐ.எஸ். என்ற வரித் திட்டம் இருக்கிறது. அதில் பதிவு செய்த துணை ஒப்பந்தக்காரரின் கூலியிலிருந்து 20 சதவீதத்தை ஒப்பந்தக்காரர் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிடுவார். பதிவு செய்யாதவருக்கு 30 சதவீதம். 1,000 பவுண்டு கூலி என்றால் கணக்கில் விழுவது 800 தான். பிடித்ததற்கு மாதாமாதம் ஒப்பந்தக்காரர் சீட்டு கொடுப்பார். மாப்பிள்ளை அந்தச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து அனுப்பியிருந்தார். ஏஜென்ட் அவற்றை விண்ணப்பத்தோடு இணைக்கவே இல்லை. அலுவலகத்தில் அந்தக் கவர் கிளிப்கூடக் கழற்றாமல் கிடந்ததை நானே பார்த்தேன்.

வரித்துறைக்குத் தாக்கல் செய்த கணக்கு, எஸ்ஏ302 என்கிற வரிக் கணக்கீடு, அந்த ஆண்டின் வரிச் சுருக்கம், அதே பன்னிரண்டு மாதத்துக்கான வங்கி அறிக்கை, தொழில் இப்போதும் நடக்கிறது என்பதற்கான ஆதாரம் ஆகியவைதான் வேண்டும். ஏப்ரல் 5 தாண்டிவிட்டால் முடிந்த ஆண்டின் கணக்கைத்தான் கேட்பார்கள். ஆன்லைன் தாக்கலுக்கு ஜனவரி 31 வரை அவகாசம் உண்டு, ஆனால் விசாவுக்கு அவசரம் என்றால் ஏப்ரலிலேயே தாக்கல் செய்துவிடலாம். சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்திருக்கும் மாப்பிள்ளைகளுக்கு விதி வேறு.

இடையில் ஒருநாள், “பணம் குறைகிறது, கணக்கில் சேமிப்பு காட்டுங்கள்” என்று அம்மாவை நகை அடகு வைக்கச் சொன்னார். சுயதொழில் வருமானத்தோடு சேமிப்பைக் கூட்டிக் காட்ட விதியே இடம் தருவதில்லை. அந்த நகைக்கு இன்றும் வட்டி கட்டுகிறோம்.

மறுப்புக் கடிதம் வந்தது. சுயதொழில் ஆதாரங்கள் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். கடிதத்தோடு போய் நின்றோம். “அக்கா, இதெல்லாம் சகஜம். எனக்குத் தெரிந்த கம்பெனியில் ஆறு மாதச் சம்பளச் சீட்டு அடித்துத் தருகிறேன், மறுபடி போட்டுவிடலாம்” என்று கூசாமல் சொன்னார். தங்கை அங்கேயே எழுந்து வெளியே வந்துவிட்டாள். போலி ஆவணம் பிடிபட்டால் பத்து ஆண்டுகள் வரைகூட விசாக் கதவு அடைபடலாம். ஒரு பெண்ணின் குடும்ப வாழ்க்கையை வைத்து இவ்வளவு சுலபமாகப் பேச அவருக்கு எப்படி மனம் வந்தது?

இனி பண விஷயம். வெளிநாட்டிலிருந்து போடும் மனைவி விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டு ஆனது. மறுத்தால் அது திரும்ப வராது. ஆனால் அங்கே அரசு மருத்துவச் சேவைக்காக விண்ணப்பத்தோடு வாங்கும் மருத்துவக் கட்டணமாக, ஆண்டுக்கு 1,035 வீதம் கட்டிய 3,105 பவுண்டு திரும்பி வந்துவிடும். எந்தக் கார்டில் கட்டினோமோ அதற்கேதான் வரும். நாங்கள் ரொக்கமாகக் கொடுத்தோம். அவர் தன் கார்டில் கட்டியிருக்கிறார். பணம் வரவில்லை என்று சாதிக்கிறார். ரசீதையும் கடிதத்தையும் வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

சுவரில் அரசு உரிமம் மாட்டியிருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். இந்தியாவின் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் (Emigration Act) கீழ் தரும் உரிமம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதற்கானது. மனைவி விசாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்பவர்கள் வழக்கறிஞராக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாப்பிள்ளை இப்போது அங்கேயே அப்படி ஒருவரைப் பிடித்திருக்கிறார். அவர் முதல் போனிலேயே கேட்டது இரண்டு வருட வரிக் கணக்கைத்தான்.

அதே மாடியில் பணம் கட்டியவர்கள் மருத்துவக் கட்டணம் எந்தக் கார்டில் போனது என்று இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுப்பு வந்தவர்கள் எங்களோடு சேர்ந்து புகார் கொடுக்க வாருங்கள்.