20 டாலர் மோராவா, 300 டாலர் கைவேலைக் கத்தியா?

காட்டில் குறைந்த கருவிகளோடு தங்கி வாழும் கலையான புஷ்கிராஃப்டில் இறங்குகிற பலரும் சில மாதங்களில் வந்து நிற்கிற இடம் இது. கையில் ஸ்வீடன் மோரா கத்தி ஒன்று இருக்கிறது, 20 டாலர் சொச்சத்துக்கு வாங்கியது, நன்றாகவே வெட்டுகிறது. அப்புறம் ஒருநாள் பிரிட்டனிலோ ஃபின்லாந்திலோ யாரோ ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து செய்த கத்தியின் படம் கண்ணில் படுகிறது. சுருள் வரியோடிய பிர்ச் மரப் பிடி, தோல் உறை, விலை 300 டாலர், அதுவும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பதினைந்து மடங்கு விலைக்குப் பதினைந்து மடங்கு வெட்டுமா என்றால் வெட்டாது. ஒன்றரை மடங்குகூட வெட்டாது. அப்படியானால் அந்தப் பணம் எதற்குப் போகிறது, அது தகுமா? தகும் என்பதுதான் என் கட்சி. ஆனால் பலர் சொல்கிற காரணத்துக்காக அல்ல.

மோரா

மோராவை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஸ்வீடனின் டாலர்னா பகுதியில், மோரா ஊரை ஒட்டிய ஓஸ்ட்னோர் கிராமத்தில், மரம் இழுக்கும் சறுக்குவண்டி செய்வதற்காக 1891இல் தொடங்கிய ஃப்ரோஸ்ட் தொழிற்சாலையும் 1912இல் வந்த கே.ஜே. எரிக்சன் தொழிற்சாலையும் 2005இல் ஒன்றாகி இன்றைய மோரா நிறுவனம் ஆனது. அந்த நாட்டில் தச்சரும் கட்டட வேலைக்காரரும் இடுப்பில் தொங்கவிட்டு நாள் முழுக்கப் பாடுபடுத்துகிற கத்தி அது. கனடாவில் புஷ்கிராஃப்டைக் கற்பித்துப் பெயர் பெற்ற மார்ஸ் கோசான்ஸ்கியும் இந்த மலிவுக் கத்தியைத் தயங்காமல் சிபாரிசு செய்தவர்தான்.

மோரா நிறுவனத்தின் கம்பேனியன் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து செ.மீ. சொச்சம் நீள அலகு, 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன், ஸ்டெயின்லெஸ் அல்லது கார்பன் ஸ்டீல், இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இறங்கி, வெட்டுகிற விளிம்பான வாயில் போய் முடிகிற ஸ்காண்டி கிரைண்ட். அந்தச் சரிவை அப்படியே தீட்டுக்கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் கோணம் தானாக அமைந்துவிடும், புதிதாகத் தீட்டப் பழகுபவருக்கு இதைவிடச் சுலபமான வடிவம் இல்லை. தடிமன் குறைவு என்பதால் மரத்தில் நழுவிக்கொண்டு இறங்கும். அதற்கும் மேலே, சூட்டுப்பதம். தொழிற்சாலையில் ஆயிரம் அலகும் ஒரே வெப்பத்தில் ஏறி ஒரே மாதிரி இறங்குகின்றன, நீங்கள் வாங்கும் கத்தி பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கத்தி போலவே இருக்கும். நேற்றுத் தொழில் ஆரம்பித்தவரிடம் 300 டாலர் கொடுத்து வாங்கும்போது இந்த உத்தரவாதம் கிடையாது.

குறைகள் உண்டு. முதுகின் விளிம்பு மழுங்கலாக வருவதால் ஃபெரோ ராடை, அதாவது தீ மூட்டும் உலோகப் பொறிக்குச்சியை, உரசினால் பொறி சரியாகப் பறக்காது, ஒரு அரத்தை எடுத்து முதுகைச் சதுரமாக ராவிவிட்டால் சரியாகிவிடும். பிடிக்குள் போகும் இரும்பு கடைசிவரை போகாது, அதனால் தடி மரக்கட்டையைப் பிளக்கக் கத்தியின் முதுகில் உருட்டுக்கட்டையால் ஓங்கி ஓங்கி அடிக்கிறவர்களுக்கு இது தோதுப்படாது. (அந்த வேலைக்குக் கோடாரி இருக்கிறது, அது வேறு கதை.) இந்தக் குறைகளைச் சரிசெய்து 2016இல் கார்பெர்க் என்று ஒன்று விட்டார்கள்: 3.2 மில்லிமீட்டர் தடிமன், இரும்பு பிடியின் கோடி வரை, சதுர முதுகு. விலை பல மடங்கு ஏறியது, எடையும் ஏறியது, பிடி மட்டும் எல்லோருக்கும் பொதுவான அதே பிளாஸ்டிக் பிடி. அவ்வளவு கொடுப்பதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்துக் கைவேலைக்கே போய்விடலாம் என்பேன்.

கைவேலையில் இரண்டு பரம்பரை

ஒன்று பிரிட்டிஷ் பாணி. 1990 வாக்கில் பிரிட்டனின் புஷ்கிராஃப்ட் ஆசிரியர் ரே மியர்ஸ் வடிவம் சொல்லி, ஆலன் வுட் என்ற கைவினைஞர் செய்துகொடுத்த வுட்லோர் கத்திதான் இதற்கு மூலம். ஓ1 என்ற டூல் ஸ்டீல், 4 மில்லிமீட்டர் தடிமன், கோடி வரை இரும்பு, இரு பக்கமும் மரத்தகடு ஒட்டி முடுக்கிய பிடி. அதைப் பார்த்து உலகம் முழுக்கச் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். இன்று கையால் செய்த புஷ்கிராஃப்ட் கத்தி என்றாலே பெரும்பாலும் இந்த உருவம்தான் மனதில் வரும்.

இன்னொன்று ஃபின்லாந்தின் பூக்கோ. இது வயதில் மிக மூத்தது, கவ்ஹவா ஊரில் ஈசாக்கி யார்வென்பா 1879இல் பட்டறை போடுவதற்கு முன்பே ஊருக்கு ஊர் கொல்லர்கள் அடித்துக்கொண்டிருந்த கத்தி. அலகின் நீளம் ஏறக்குறைய உள்ளங்கையின் அகலம், விரல் தடுப்பு கிடையாது, பின்னால் நீளும் ஒல்லியான இரும்புக் குச்சி மரப்பிடிக்குள் நுழைந்து மறுமுனையில் அடித்து இறுக்கப்படும். ஃபின்லாந்தில் ஒருவருக்குப் பூக்கோவைப் பரிசாகக் கொடுப்பது அவரை மதிப்பதற்கும் நம்புவதற்கும் அடையாளம், இன்றும் அந்த வழக்கம் இருக்கிறது.

இந்த இரண்டில் என் ஓட்டு பூக்கோ பக்கம். 4 மில்லிமீட்டர் அலகு பார்க்க கம்பீரமாக இருக்கும், கட்டையைப் பிளக்கும், ஆனால் நுணுக்கமாகச் சீவும்போது ஆப்பு இறங்குவது போல மரத்தைத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு மணிநேரம் கரண்டி செதுக்கினால் மணிக்கட்டு சொல்லிவிடும். பழைய முறையில் அடித்த பூக்கோவின் அலகைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாய்சதுரமாக இருக்கும், நடுவில் தடிமன், முதுகை நோக்கி மறுபடி ஒடுங்கும், அதனால் உறுதி குறையாமல் எடை குறைகிறது, ஈர மரத்தில் ஒட்டிக்கொள்வதும் குறைகிறது. இதில் ஒரு சங்கடமும் உண்டு: அந்த முதுகு கூரை மாதிரி சரிந்திருப்பதால் ஃபெரோ ராடுக்கு ஆகாது. குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மைனஸ் இருபதில் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடிக்கும்போது, வுட்லோர் பாணியில் பிடியின் மேலும் கீழும் தெரிகிற இரும்பு விரலைச் சுரீர் என்று இழுக்கும். பூக்கோவில் கை தொடுவதெல்லாம் மரம்தான்.

காசு போகிற இடம் பிடி

கைவேலைக் கத்தி பற்றிப் பேச்சு வந்தாலே ஸ்டீலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓ1இல் கார்பன் 0.9 சதவீதம் அளவு, அதை 800 டிகிரிக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி 200 டிகிரி அளவில் இதமாகச் சூடாக்கினால் ராக்வெல் அளவுகோலில் 60ஐ ஒட்டிய கடினம் வரும். நல்ல ஸ்டீல், சந்தேகமில்லை. ஆனால் மோராவின் கார்பன் ஸ்டீலும் அதே எல்லையில்தான் நிற்கிறது. சம்மட்டியால் அடித்ததா, பட்டைக் கம்பியிலிருந்து வெட்டித் தேய்த்து எடுத்ததா என்பதும் வெட்டும்போது தெரியாது, பிரிட்டிஷ் கைவேலைக் கத்திகளில் பெரும்பகுதி அடிக்கப்படுவதே இல்லை. ஸ்டீலுக்காக 300 டாலர் கொடுக்காதீர்கள்.

பிடியைப் பாருங்கள். காய்ந்த பைன் குச்சியைச் சீவி, சீவல் அறுந்து விழாமல் சுருள் சுருளாகக் குச்சியிலேயே நிற்கவைக்கும் ஃபெதர் ஸ்டிக் வேலையில் கத்தி முன்பக்கமாக ஓடும். அதற்கு எந்தப் பிடியும் சரி. அடுத்து கத்தியைக் கைக்குள்ளேயே திருப்பி, வாய் வெளியே பார்க்க, இரண்டு முழங்கைகளையும் விரித்து நெஞ்சுக்கு எதிரே குச்சியின் முனையைச் சீவிப் பாருங்கள். வலுவும் கட்டுப்பாடும் சேர்ந்து கிடைக்கிற பிடிப்பு அதுதான், கூடார முளை சீவுகிறவர்கள் பாதி நேரம் இப்படித்தான் வேலை செய்வார்கள். இந்த நிலையில் கம்பேனியனின் முன்பக்க விரல் தடுப்பு தலைகீழாகி, தவறான இடத்தில் கையை அழுத்தும். சின்ன மேடுதான், பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. பிற்பகல் முழுக்கச் செதுக்கினால் அந்த இடம் சிவந்து, மறுநாள் கொப்புளமாக நிற்கும். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கின, மேடு பள்ளம் எதுவும் இல்லாத முட்டை வடிவப் பிடியை எப்படித் திருப்பினாலும் கை அதே மாதிரி உட்காரும். அதிலும் உங்கள் உள்ளங்கையின் அகலத்தை எழுதி அனுப்பச் சொல்லி, அதற்கேற்ப ராவி முடித்த பிடி என்றால், பிடித்திருக்கிறோம் என்ற நினைப்பே போய்விடும். பிர்ச் மரப் பட்டையைத் துண்டு துண்டாக அடுக்கி இறுக்கிச் செய்யும் பிடியும் ஃபின்லாந்தில் உண்டு. ஈரக் கையிலும் வழுக்காது, குளிரிலும் சில்லிடாது. மீன் சுத்தம் செய்துவிட்டு அப்படியே விறகு சீவப் போகலாம்.

தொழிற்சாலையால் இதைச் செய்ய முடியாது. திறமை இல்லாமல் அல்ல, லட்சம் கைகளுக்கு ஒரே அச்சு என்பதால். கைவேலைக்காரர் ஒரு கைக்குச் செய்கிறார்.

இரண்டாவது, செய்த ஆளே இருக்கிறார் என்பது. பத்து வருடம் தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கிவிட்டால், பிடியில் விரிசல் விட்டால், திருப்பி அனுப்பலாம், புதுப் பிடி போட்டுத் தருவார். பிளாஸ்டிக் பிடி உடைந்தால் கத்தியே போயிற்று. இப்படிப் பழுதுபார்க்கக்கூடிய ஒரு பொருளை வைத்திருக்கும்போது அதன்மீது தனிக் கவனம் வந்துவிடுகிறது. நேரத்துக்கு எண்ணெய் தடவுகிறோம், ஈரத்தோடு உறையில் சொருகுவதில்லை, மழுங்கும் முன்பே கல்லை எடுக்கிறோம். அந்தக் கத்தி நன்றாக வெட்டுவதில் பாதிக் காரணம் இதுவாகவும் இருக்கலாம், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

பராமரிப்பில் மோராவுக்குத்தான் வெற்றி. ஸ்டெயின்லெஸ் மாடலாக இருந்தால், பிளாஸ்டிக் உறையும் சேர, நனைந்தால் உதறிவிட்டுப் போகலாம். ஓ1 ஒரே இரவில் துருப்பிடிக்கும், தோல் உறை ஈரத்தை உறிஞ்சி அலகுக்கே கொடுக்கும். கடலோர ஊர்க்காரர்கள், படகில் போகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

நம் ஊர்க் கொல்லரிடம் அடித்தால்?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இயல்பாக எழும் கேள்விதான். அரிவாள் அடிக்கிற கொல்லருக்கு லாரி ஸ்பிரிங் பட்டை கைவந்த இரும்பு, அதில் கார்பன் 0.5, 0.6 சதவீதம்தான், அடி தாங்கும், உடையாது, அரிவாளுக்கு அருமை. மெல்லிய ஸ்காண்டி வாய்க்கு அது ஓ1 அளவுக்குக் கூர் நிற்காது. பழைய அரம் ஒன்றைக் கொடுத்து அதிலிருந்து செய்யச் சொன்னால் கூர் நிற்கும், ஆனால் பதம் கொஞ்சம் தவறினாலும் வாய் பொரிந்துவிடும், முதல் கத்தியிலேயே சரியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விலை மோராவை ஒட்டியே வரும், முன்னால் நின்று பிடியைச் சொல்லிச் செய்துகொள்ளலாம் என்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். எந்தக் கத்தியானாலும் புலிகள் காப்பகப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் மடங்காத கத்தியை வைத்திருப்பதே குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போது

மோரா இல்லாமல் நேரே கைவேலைக்குப் போகாதீர்கள். ஒரு பருவம் முழுக்க மோராவில் வேலை செய்தால்தான் உங்கள் கை எங்கே காய்க்கிறது, அலகில் எந்தப் பகுதியை அதிகம் பயன்படுத்துகிறீர்கள், முனை கூராக வேண்டுமா தாழ்ந்து வர வேண்டுமா என்பதெல்லாம் தெரியவரும். அதைத்தான் செய்பவருக்கு எழுத வேண்டும். அழகான படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்டால் வேறொருவர் கைக்குச் செய்த கத்திதான் வரும்.

என்னைக் கேட்டால் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், அலகு உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றே நீளம் போதும். ஈட்டி முனையை விட்டுவிடுங்கள். வாயை அப்படியே பூஜ்யத்தில் முடிக்காமல் மிகச் சின்ன இரண்டாம் சரிவு ஒன்று வைக்கச் சொல்லுங்கள், காய்ந்த முடிச்சில் பட்டால் வாய் மடங்காது. முதுகில் பிடியை ஒட்டிக் கட்டைவிரல் அழுத்துகிற இடம் உருண்டையாகவும் அதற்கு முன்னால் ஃபெரோ ராடுக்குத் தோதாகச் சதுர விளிம்பாகவும் இருக்கட்டும். உள்ளங்கை அளவோடு கையுறை போட்ட அளவையும் அனுப்புங்கள். அப்புறம், பிடியைப் பளபளவென்று வார்னிஷ் அடிக்க வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் மட்டும் ஏற்றிக் கொடுங்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள், வியர்த்த கையில் வார்னிஷ் வழுக்கும்.